பேன் எண்ணும் கம்பனி: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

போன கிழமை தொலைபேசியில் கேட்டீர்கள்: "கூட்டுக்குள்ள அடைச்சு வளர்க்கிற மீனை வைச்சு ஒரு கம்பனி எப்படியடா இவ்வளவு பெரிசாகும்?" வட நோர்வேயின் ஃபின்மார்க் தொழிற்சாலையில் விரல் விறைக்க விறைக்கக் கொட் மீன் வெட்டிய உங்களுக்கு வளர்ப்பு சால்மன் இன்னும் மீனே இல்லை, தெரியும். அன்றைக்கு பஸ் வந்துவிட்டது, பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் இது.

உலகிலேயே அதிகம் சால்மன் வளர்க்கும் நோர்வே கம்பனி மோவியைப் பற்றித்தானே கேட்டீர்கள். தூர் மோவின்கல் என்பவரின் குடும்பப் பெயரில் முதல் பாதிதான் மோவி. 1964-ல் பேர்கன் பக்கம் தொடங்கியது. 1969-ல் உரம் செய்யும் நோர்ஸ்க் ஹைட்ரோ அதில் பங்கு வாங்கியது. மோவியின் வழி, கடல் ஒடுங்கும் இடத்தைத் தடுத்து மீனை உள்ளே விடுவது. ஆனால் நிலைத்த வழி வேறு இருவருடையது. ஹித்ரா தீவின் குரொன்ட்வெட் சகோதரர்கள் 1970-ல் எட்டுப் பக்க மிதக்கும் கூடு ஒன்றைச் செய்து 20,000 சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். கூடு என்றால் கடலே தண்ணீரை மாற்றிவிடும், கழிவையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கே போகிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

1973-ல் மீன் பண்ணைக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. கடற்கரைச் சனங்கள் சின்னச் சின்னதாகப் பண்ணை வைக்கட்டும், பெரிய முதலாளி வளைத்துப் போடக்கூடாது என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் மீன் பெருகியது, நோயும் பெருகியது. 1987-ல் மட்டும் நோர்வே மீன்களுக்குக் கொடுத்த அன்டிபயோட்டிக் கிட்டத்தட்ட 50 டன்! பிறகு தடுப்பூசி வந்தது. மீனுக்கு ஒவ்வொன்றாக ஊசி போடுகிறார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் அந்த மருந்தைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்கியது. நோய் அடங்கும் நேரத்தில் விலை விழுந்தது. விற்காத மீனை உறையவைத்துக் குவித்த வளர்ப்போர் விற்பனைச் சங்கம் 1991-ல் திவாலானது. அதே வருடம் சட்டமும் தளர்ந்தது: ஒருவர் பல உரிமங்கள் வைத்திருக்கலாம். விழுந்தவர்களின் கூடுகளைக் காசு இருந்தவர்கள் வாங்கினார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் பாதி இதுதான், சித்தப்பா. மீன் வளர்த்ததைவிட, மற்றவன் விழும்போது வாங்கியதில்தான் இந்தக் கம்பனி பெருத்தது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000-ல் ஹைட்ரோ, மோவியும் அடங்கிய தன் மீன் பகுதியை ஒல்லாந்துத் தீவனக் கம்பனி நியூட்ரெக்கோவுக்கு விற்றது. 2006-ல் எண்ணெய்க் கப்பல் முதலாளி ஜோன் ஃபிரெட்ரிக்சனின் சால்மன் கம்பனி பான் ஃபிஷ், மோவி போய்ச் சேர்ந்த மரீன் ஹார்வெஸ்டையும் இன்னொரு சால்மன் கம்பனியான ஃபியோர்ட் சீஃபுட்டையும் சேர்த்து விழுங்கி, மரீன் ஹார்வெஸ்ட் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அந்த பான் ஃபிஷே சில வருடம் முன்புதான் மூழ்கப் பார்த்தது! 2019-ல் மறுபடி மோவி என்று பழைய பெயர். 2024-ல் அறுவடை 5 லட்சம் டன்.

உங்களுக்குப் பிடிக்கிற ஒரு சங்கதி: அந்த ஃபிரெட்ரிக்சன், உங்கள் ஃபின்மார்க்கின் அல்தா ஆற்றில் காட்டு சால்மனுக்குத் தூண்டில் போடுகிறவர். 2007-ல் அங்கே வைத்து, காட்டு சால்மன் வரும் ஃபியோர்டுகளில் (மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் கடலில்) வளர்ப்புக் கூடுகள் இருக்கக்கூடாது என்று அவரே சொன்னார். அதே வருடம் சிலியில் சால்மனைக் கொல்லும் இரத்தசோகை வைரஸ் தெரிந்ததும் அவருடைய கம்பனியின் கூட்டில்தான்.

இப்போது அவர்களைத் தடுத்து நிறுத்துவது ஒரு பேன். மீனின் தோலில் ஒட்டி அதைத் தின்னும் மீன் பேன். பண்ணையில் சராசரியாக ஒரு மீனுக்கு 0.5 முதிர்ந்த பெண் பேனுக்கு மேல் இருக்கக்கூடாது, காட்டு சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் வசந்தத்தில் 0.2. கிழமைக்குக் கிழமை மீனைப் பிடித்து எண்ணுகிறார்கள். 2017-லிருந்து கரையை 13 பகுதிகளாகப் பிரித்து, காட்டு சால்மனுக்குப் பேன் செய்யும் கேட்டைப் பார்த்து வீதிச் சமிக்ஞை விளக்குப்போல நிறம் கொடுக்கிறார்கள். பச்சையென்றால் வளர்க்கும் அளவை 6 சதவீதம் கூட்டலாம், மஞ்சளென்றால் அப்படியே இருக்க வேண்டும், சிவப்பென்றால் 6 சதவீதம் குறைக்க வேண்டும். மோவி பிறந்த பேர்கன் கரையே சிவப்பு வாங்கியிருக்கிறது.

கூட்ட முடியாவிட்டால் என்ன செய்வார்கள்? பழைய வழிதான். 2025-ல், வடக்கே ஹெல்கலாண்ட் கரையிலுள்ள நோவா சீ என்ற சால்மன் கம்பனியில் ஏற்கெனவே இருந்த 49 சதவீதப் பங்கை 95 சதவீதமாக்க ஒப்பந்தம் போட்டார்கள்.

சித்தியிடம் இதைச் சொல்லாதீர்கள், போன முறை வந்தபோது நான் வைத்த குழம்பு இந்த மீனில்தான். நீங்கள் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டீர்கள்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்