நோயாளிக்கும் குழந்தைக்கும் நம்பித் தரும் பானங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்பானங்களின் தீங்குகள் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை உடல் பருமனையும் நீரிழிவையும் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், கோலாவைக் குழந்தைக்குத் தர மறுக்கும் பெற்றோரே எனர்ஜி டிரிங்க்கை நம்பிக்கையோடு வாங்கித் தருகிறார்களே, அதைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

330 மி.லி. கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை உண்டு, 250 மி.லி. எனர்ஜி டிரிங்க்கில் பெரும்பாலும் 27 கிராம் சர்க்கரையும் 80 மில்லிகிராம் காஃபினும் இருக்கின்றன. அளவுக்கு அளவு பார்த்தால் இரண்டிலும் இனிப்பு ஏறத்தாழ ஒன்றுதான். உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் அடங்கினால் பெரியவர்களுக்குக் கூடுதல் நன்மை என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். குழந்தைக்கு உரிய அளவு அதனினும் குறைவு.

காஃபின் உடலுக்கு வலுவூட்டுவதில்லை. சோர்வை உணர்த்தும் அடினோசின் மூளையில் போய்ச் சேரும் இடங்களை அது அடைத்துக்கொள்வதால் களைப்பு தெரியாமல் போகிறதே தவிர, தீர்வதில்லை. உட்கொண்ட காஃபினில் பாதி வெளியேறவே பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், தேர்வுக்காக மாலையில் இதைக் குடிக்கும் மாணவர் இரவுத் தூக்கத்தை இழந்து, மறுநாள் அந்தக் களைப்புக்கும் இதையே நாடுகிறார். சிறுவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபின்தான் ஒரு நாளின் பாதுகாப்பான வரம்பு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் மதிப்பிட்டது. 25 கிலோ எடையுள்ள குழந்தை ஒரே டின்னில் அதைத் தாண்டிவிடும்.

வயிற்றுப்போக்கில் துவண்டு கிடப்பவருக்கு ‘தெம்பு வரட்டும்’ என்று குளிர்பானம் கொடுப்பது எனக்கு இதைவிடவும் அச்சம் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. குளிர்பானத்திலோ லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை, உப்போ மிகக் குறைவு. அவ்வளவு சர்க்கரை உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து, வயிற்றுப்போக்கை மேலும் கடுமையாக்கும்.

லிதுவேனியா 2014-இலேயே 18 வயதுக்குட்பட்டோருக்கு எனர்ஜி டிரிங்க் விற்பதைத் தடை செய்தது. சர்க்கரை மிகுந்த பொருள்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரையைச் சிலி நாடு 2016 முதல் கட்டாயமாக்கியுள்ளது. இவ்விரண்டையும் எல்லா நாடுகளும் பின்பற்ற வேண்டும். 100 மி.லி.க்கு இவ்வளவு என்று பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிடுவதை விடுத்து, முழுப் புட்டியில் உள்ள சர்க்கரையையும் காஃபினையும் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிடச் சட்டம் வேண்டும். இக்கோரிக்கையைத் தங்கள் இதழும் தொடர்ந்து வலியுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்