காயர் மேட்டுக்குப் பூச்சு எப்போது தேவை?

ஐயா,

மண் அரிப்பைத் தடுக்க ஏரிக்கரையிலும் சாலைச் சரிவிலும் விரிக்கும் காயர் மேட் (தென்னை நார்க் கயிற்றில் பின்னிய வலை விரிப்பு) சீக்கிரம் மக்கிவிடுகிறது, தார் பூசித்தான் வாங்க வேண்டும் என்ற பேச்சு ஒப்பந்ததாரர்களிடையே கேட்கிறது. பூச்சுக்குச் செலவழிக்கும் முன் சரக்கையும் விரிக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

தென்னை நாரில், எளிதில் மக்கவிடாத லிக்னின் என்ற பொருள் 45 சதவீதம் வரை உண்டு. சணலில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஈர மண்ணில் சணலைவிடத் தென்னை நார் அதிக நாள் தாங்குவது அதனால்தான். ஆனால் கயிற்றில் நார்த்தூள் ஒட்டியிருந்தால் எடை கூடுமே தவிர வலு கூடாது, ஈரமும் காயாது. சரக்கு இறங்கியதும் ஒரு சதுர மீட்டர் வெட்டி, நன்றாக உதறி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து எடை போடுங்கள். 700 கிராம் ரகம் என்று பில் போட்டது 600-க்கு இறங்கினால், மீதிக் காசு தண்ணீருக்கும் தூளுக்கும் போயிருக்கிறது.

ரோல்களைக் கட்டை மேல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுக் காற்றோட்டமாக வையுங்கள். ஈரத்தோடு சுருட்டியது உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

சரிவின் உச்சியில் 30 செ.மீ. ஆழப் பள்ளம் வெட்டி ஓரத்தைப் புதைத்து, மேலிருந்து கீழாக உருட்ட வேண்டும். ஒரு விரிப்பின் ஓரம் பக்கத்து விரிப்பின் மீது 15 செ.மீ. படியட்டும், மீட்டருக்கு ஒரு 'ப' வடிவக் கம்பி அடியுங்கள். தவறு பெரும்பாலும் நடப்பது இங்கேதான். கல், கட்டி அகற்றாத சரிவில் விறைப்பாக இழுத்துக் கட்டினால் மேட் மண்ணைத் தொடாமல் தூக்கி நிற்கும். மழைநீர் அடியில் புகுந்து ஓடும். மேட் முழுசாக இருக்கும், கீழே மண் இருக்காது. பழி மட்டும் நாருக்கு!

ஆகஸ்ட் கடைசிக்குள் விரித்து, அறுகம்புல்லோ வெட்டிவேரோ நட்டுத் தண்ணீர் விட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடிக்கும். இரண்டு மூன்று ஆண்டில் மேட் மக்கினாலும் கரையை வேர் தாங்கும். அங்கே பூச்சு வீண். மக்காமல் இருக்கச் செம்பு உப்பில் நனைத்தால் ஏரி மீனுக்கும் கேடு.

சாலை அடித்தளம் வேறு விஷயம். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் காயர் மேட் போட 2020-இல் தமிழகத்துக்கு 369 கி.மீ. அறிவிக்கப்பட்டது. களிமண்ணுக்கும் கிராவலுக்கும் நடுவே கிடக்கும் விரிப்புக்குப் புல்வேர் துணை வராது. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயோ தாரோ பூசினால் ஈரம் உறிஞ்சுவது குறையும். தார் வலைக்கண்ணை அடைக்காமல் பார்க்க வேண்டும். கிராவல் பிடித்து நிற்பது அந்தக் கண்ணில்தான்.

டெண்டரில் 'காய்ந்த எடை' என்றே குறிப்பிட்டு, வேலை நடக்கும் இடத்திலேயே நிறுத்துப் பார்க்க நீர்வளத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் உத்தரவிட வேண்டும்.

— தென்னை நார் உற்பத்தியாளர்கள் சிலர்,
பொள்ளாச்சி