பூனைக்கு ஒரு வழி: பத்தாய அறைக் கதவு பற்றி அப்பாவுக்கு

எக்ஸெட்டர், இங்கிலாந்து,
18-5-2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் இங்கு நலம். உங்கள் உடல்நலத்தையும், அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

விதைக்கென்று எடுத்துவைத்த மாப்பிள்ளைச் சம்பா மூட்டையை எலி கடித்துவிட்டதாகச் சென்ற கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நெல் சேமிக்கும் பத்தாய அறையைப் பூட்டிவிடுவதால் நம் பூனை கருப்பியால் இரவில் உள்ளே போக முடியவில்லை என்றும், இங்கே எங்கள் பின்கதவில் பூனை செவலைக்கு வழி வைத்ததைப்போல அங்கேயும் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொல்லித் தீராத சங்கதி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். வேலைக்கு முன் ஆசாரியை உட்கார வைத்து இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

எங்களுக்கு அந்த வழி ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் விடியற்காலையில் வாசல் தெளிக்கத் திறக்கும் கதவை இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் தாழிடுவோம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று பூனை தன் இஷ்டத்துக்குப் போய்வரும், அதற்கென்று ஒருவர் எழுந்திருக்க வேண்டியதில்லை. இந்த ஊரிலோ கதவுகள் பெரும்பாலும் சாத்தியே இருக்கின்றன. குளிர்காலத்தில் கதவைச் சிறிது நேரம் திறந்து போட்டாலும் வீட்டைச் சூடாக்கச் செலவழித்தது அத்தனையும் வெளியே போய்விடுகிறது. டிசம்பரில் மாலை 4 மணி தாண்டியதுமே இருட்டத் தொடங்கிவிடும், மறுநாள் காலை 8 மணிக்குத்தான் வெளிச்சம் வரும். பூனைக்கு விடியலும் அந்தியும்தான் சுறுசுறுப்பான வேளை என்பதால், நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருக்கும் நேரமும், எல்லோரும் தூங்கும் நேரமும்தான் அது கதவருகே நின்று கத்தும் நேரமாக இருந்தது. அந்தப் பிராணியை நாள் முழுவதும் உள்ளே அடைத்துவைக்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை, பனியில் வெளியே விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

கதவில் பூனைக்கு வழி வைப்பது இங்கே புதிதல்ல. இந்த ஊர்ப் பேராலயத்தின் வடபுறத்தில் பழைய வானியல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள மரக்கதவின் அடிப்பகுதியில், பூனை நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை வெட்டியிருக்கிறார்கள். கடிகாரத்தின் கயிறுகளுக்குத் தடவிய கொழுப்பைத் தேடி எலிகள் வந்தனவாம், அவற்றைப் பிடிக்கும் பூனை போய்வருவதற்காக வில்லியம் காட்டன் என்னும் ஆயரின் காலத்தில் தச்சர்களுக்கு 8 பென்னி கூலி கொடுத்து அந்தத் துளையைப் போட்டார்களாம். அவர் ஆயராக இருந்தது 1598 முதல் 1621 வரை. அதற்கும் முன்பே, 1305 முதல் 1467 வரையிலான ஆலயக் கணக்கில், பூனையின் தீனிக்கென்று வாரம் ஒரு பென்னி வீதம் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நம் பத்தாய அறைதான் நினைவுக்கு வந்தது. அந்தத் துளைக்கு, பூனை தள்ளித் திறக்கும் தட்டி ஏதும் கிடையாது, அது கட்டடத்துக்கு உள்ளேயே இருக்கும் கதவு என்பதால் தட்டி இல்லாமலும் சரிப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

இங்கே நாங்கள் இருப்பது வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கினோம். வீட்டைக் காலி செய்யும்போது பலகையைப் பழையபடி மாற்றித் தர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை, அது நியாயமானதுதான். எந்தக் கதவில் வெட்டுவது என்பது அடுத்த கேள்வி. தீ பரவாமல் தடுப்பதற்கென்றே செய்த கதவுகளைத் தொடக் கூடாது, துளை போட்டால் அவை செய்யவேண்டிய வேலையைச் செய்யமாட்டா. கூடத்திலிருந்து தோட்டத்துக்குப் போகும் கதவு முழுவதும் கண்ணாடி. கடினப்படுத்திய கண்ணாடியை அறுத்தால் மொத்தமாக நொறுங்கிவிடும், ஆகவே துளையோடு புதிய கண்ணாடி செய்யச் சொல்லித்தான் மாட்ட வேண்டும், செலவும் அதிகம். சமையலறையின் பின்கதவு மரத்தால் ஆனது, மேல்பாதி கண்ணாடியும் கீழ்ப்பாதி மெல்லிய பலகையுமாக இருந்தது. அதையே தேர்ந்தெடுத்தோம்.

இங்கே ஒரு தச்சரை அழைத்தால் மணிக்கணக்கில் கூலி கொடுக்க வேண்டும் என்பதால் உங்கள் மாப்பிள்ளையும் நானுமே வேலையைச் செய்தோம். அளவு எடுப்பதில்தான் அதிக நேரம் போயிற்று, போகவும் வேண்டும். பூனை இயல்பாக நிற்கும்போது தரையிலிருந்து அதன் வயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, துளையின் கீழ்விளிம்பு அந்த மட்டத்தில் அமைய வேண்டும். அதைவிட உயரமானால் ஏறிக் குதிக்க நேரும், வயதான பூனைக்கு அது நோவு. தாழ்வானால் முதுகை வளைத்துப் பதுங்கியே போக வேண்டியிருக்கும். வெளிப்பக்கத் தரை உள்தரையைவிடத் தாழ்ந்திருப்பது வழக்கம் என்பதால் இரண்டு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். எங்கள் கதவுக்கு வெளியே நல்ல தாழ்வு இருந்ததால், அங்கே அகலமான செங்கல் படி ஒன்று வைத்தோம்.

அதன் பிறகு, பூனைக் கதவோடு வந்த காகித அச்சைப் பலகையில் ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துக் கோடு கிழித்தோம். கோட்டின்மேல் டேப் ஒட்டினால் அறுக்கும்போது மரம் சிம்பு சிம்பாய்ப் பெயராது. நான்கு மூலைகளிலும் கோட்டுக்கு உட்புறமாக டிரில் மெஷினால் துளை போட்டு, அந்தத் துளை வழியே ஜிக்சா என்னும் சிறு மின்ரம்பத்தின் பிளேடை இறக்கி, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நிதானமாக அறுத்தோம். கடைசிப் பக்கத்தை அறுக்கும்போது உட்பலகை தன் எடையிலேயே தொங்கி மிச்ச மரத்தைப் பிளந்துகொண்டு விழும் என்று, நான் மறுபக்கத்தில் முழங்காலிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் அதைத் தாங்கிக்கொண்டிருந்தேன். பலகை கைக்கு வந்ததும் துளை வழியாக முதன்முதலில் உள்ளே வந்தது தோட்டத்து ஈரக்காற்றுதான். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, மழைநீர் இறங்காமலிருக்கப் பிரைமரும் அதன்மேல் பெயின்டும் அடித்துக் காயவிட்டோம். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் இந்த ஊர் மழைக்குப் பலகை உப்பி வீணாகிவிடும். பிறகு உட்சட்டத்தையும் வெளிச்சட்டத்தையும் இரண்டு பக்கமும் பொருத்தித் திருகாணியால் முடுக்கினோம், அளவோடுதான் முடுக்க வேண்டும், மிஞ்சினால் சட்டம் வளைந்து தட்டி உரசும்.

எங்கள் பூனைக் கதவு செவலையை மட்டுமே உள்ளே விடும். அக்கம்பக்கத்துப் பூனைகள் வந்து அதன் தட்டைக் காலி செய்துவிடக் கூடாது என்று கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வாரம் நிறைந்த ஒவ்வொரு வளர்ப்புப் பூனைக்கும் சிப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது சட்டம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசி வழியாக ஓர் அரிசி மணியைப்போல் அதை வைத்துவிடுகிறார்கள். அதற்குள் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே, பேட்டரி கிடையாது. பூனை தலையை நுழைத்ததும் கதவுச் சட்டம் அந்த எண்ணைப் படித்து, தெரிந்த எண்ணாக இருந்தால் தாழை விடுவிக்கிறது. கதவுக்கு மட்டும் நான்கு பென்சில் பேட்டரி போட வேண்டும்.

ஆயினும் கதவு இருப்பதாலேயே பூனை அதில் நுழைந்துவிடாது, அப்பா. தாழ் விடுபடும் அந்தச் சிறு ஓசைக்கே செவலை சமையல் மேடைக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது. ஆகவே தாழை இயங்காமல் வைத்துவிட்டு, தட்டியை மேலே தூக்கி டேப்பால் கட்டி, வெறும் துளையாகவே சில நாள் விட்டோம். மறுபக்கத்தில் மீன் துண்டை வைத்து மகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அது தயக்கமில்லாமல் வந்துபோகத் தொடங்கிய பிறகே தட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினோம். பிடித்துத் தள்ளி நுழைக்கவே கூடாது. ஒரு தடவை பயந்துவிட்டால் அந்தப் பக்கமே வராது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். சிப்பும் பேட்டரியும் நமக்கு வேண்டாம். துளையை எந்தக் கதவில் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். வாசலின் தேக்குக் கதவில் கைவைக்க யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கொல்லைக் கதவில் போட்டுவிடலாம் என்று ஆசாரி சொல்லக்கூடும், வேலை அவருக்கு அங்கேதான் சுலபம். தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கருப்பி நுழையும் அளவான துளையில் பெருச்சாளி, மரநாய், கீரி எல்லாமே நுழையும். முழுதாய் வளர்ந்த பெருச்சாளியைப் பூனை பெரும்பாலும் எதிர்க்காது. ஐப்பசி, கார்த்திகையில் குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் நிறைந்து வயலெல்லாம் மூழ்கும்போது, மேட்டைத் தேடியும் எலியைத் தேடியும் நல்ல பாம்பும் விரியனும் வீட்டோரம் வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தரையோடு ஒட்டிய வெளிவழியை அவற்றுக்குத் திறந்துவைக்கக் கூடாது.

கூடத்திலிருந்து பத்தாய அறைக்குப் போகும் உள்கதவில்தான் போட வேண்டும், அந்தப் பேராலயத்தில் போட்டதைப்போல. கருப்பிதான் வீட்டுக்குள் முற்றத்து வழியே எப்படியும் வந்துவிடுகிறதே. அது பூவரசம் பலகைகளை வைத்து, பின்புறம் குறுக்குச் சட்டம் அடித்த கதவு என்பது என் நினைவு. அந்தக் குறுக்குச் சட்டங்களை வெட்டினால் பலகைகள் பிரிந்து கதவு தொய்ந்துவிடும், ஆகவே கீழ்ச் சட்டத்துக்கு மேலே சட்டமில்லாத இடத்தில் வெட்டச் சொல்லுங்கள். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு உயரமும் போதும், ஆனால் கருப்பியின் உடம்பை அளந்த பிறகே முடிவு செய்யுங்கள். வெட்டிய விளிம்பைச் சுற்றித் தகரத்தை மடித்து அடிக்க வேண்டும். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்தே ஆக வேண்டும், வெறும் மர விளிம்பை விட்டுவைக்காது. கனமில்லாத தட்டி ஒன்றை மேலிருந்து சிறு கீலில் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் ஆடும்படி அமைத்தால் நல்லது. நெல் குறைந்து அறையைச் சுத்தம் செய்யும் சமயத்தில் அடைத்துவைக்க ஒரு சிறு தாழ்ப்பாளும் இருக்கட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. கருப்பி அந்த அறைக்குள் போகத் தொடங்கிவிட்டால், அங்கேயோ கொல்லையிலோ எலி மருந்து வைக்கவே கூடாது. மருந்து தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடிக்கொண்டிருக்கும், பூனைக்கு அதைப் பிடிப்பது எளிது, தின்றால் அதன் உயிருக்கும் ஆபத்து. பூனையா மருந்தா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குப் பூனையும் நம் பழைய எலிப்பொறியான தஞ்சாவூர் கிட்டியுமே போதும் என்று தோன்றுகிறது. கிட்டியை வயலில் மட்டும் வையுங்கள், பூனையின் கால் படும் இடத்தில் வேண்டாம். பூனை வந்துவிட்டது என்பதற்காக மூட்டைகளைச் சுவரோடு ஒட்டித் தரையில் போடவும் கூடாது. மரப்பலகைமேல் ஏற்றி, சுவரிலிருந்து தள்ளி வைத்தால்தான் எலி ஒளிய இடமிருக்காது, கருப்பியும் சுற்றிவர முடியும்.

ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் நீங்கள் குறுவை வேலையில் மூழ்கிவிடுவீர்கள், ஆசாரியும் கிடைப்பது அரிது. ஆகவே அதற்கு முன்பே மூன்று அளவுகளை எடுத்து எழுதுங்கள்: கதவுப் பலகையின் கனம், கீழ்க் குறுக்குச் சட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது, கருப்பி நிற்கும்போது அதன் வயிற்றின் உயரம். கடைசி அளவை அம்மா சோறு வைக்கும் நேரத்தில் எடுத்துவிடலாம், அப்போதுதான் அது அசையாமல் நிற்கும். அளவு வந்ததும் உங்கள் மாப்பிள்ளை காகித அச்சு வரைந்து அனுப்பிவிடுவார், ஆசாரி அதைப் பலகையில் ஒட்டி அறுத்தால் போதும். சம்பா விதைப்புக்கு ஆடி வரை பொழுது இருப்பதால் மிச்ச விதையைக் காப்பாற்றிவிடலாம்.

அம்மாவுக்கு என் அன்பையும், பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் எங்கள் வணக்கத்தையும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்.