பத்து பைசா

அன்புள்ள செல்விக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "பணமே இல்லாமல் ஒரு ஊர் நடக்காதாப்பா?" என்று கேட்டாய். வாடகை ஏறிய கோபத்தில் கேட்டிருப்பாய், சரி. ஆனால் நான் கிட்டத்தட்ட அப்படி ஒரு ஊரில்தான் பிறந்தேன். உன்னிடம் சொன்னதில்லை.

உன் தாத்தா ஊருக்கே துணி வெளுத்தார். கூலி நெல்தான். அறுவடையானால் களத்துமேட்டில் போய் நிற்க வேண்டும். கொல்லர், தச்சர், நாவிதர் எல்லோரும் நிற்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வழக்கம் உண்டு. ஆனாலும் மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது மிராசுதார் அன்றைக்கு இருக்கும் இருப்பைப் பொறுத்தது.

பொழுது சாய்ந்ததும் அப்பாயியோடு நானும் ராச்சோறு எடுக்கப் போவேன். கொல்லைப்பக்கம் நின்று குரல் கொடுக்க வேண்டும். எல்லா வீட்டுச் சோறும் ஒரே சட்டியில். சாம்பாரும் கருவாட்டுக் குழம்பும் மோரும் கலந்து ஒரு வாடை வரும். இன்றைக்கும் பந்தியில் இலையில் குழம்புகள் கலந்தால் எழுந்துவிடுகிறேனே, உன் அம்மாகூடத் திட்டுவாளே, அதற்குக் காரணம் இதுதான்.

பட்டினி கிடந்ததில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் "இன்றைக்கு முடியாது" என்று தாத்தா எந்த வீட்டிலும் சொன்னதில்லை. சொல்ல முடியாது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலேயே, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட சனங்களுக்கு என்ன நடந்தது? 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். எனக்குப் பத்து வயது. அடுத்த வருஷம் தாத்தா எங்களைக் கூட்டிக்கொண்டு மாயவரம் கிளம்பிவிட்டார்.

கடைத்தெருவில் ஒரு இஸ்திரி மேசை. முதல் சட்டைக்குப் பத்து பைசா. வந்தவர் காசை மேசையில் வைத்தார், சட்டையை எடுத்தார், போய்விட்டார். எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன், ஒன்றும் கேட்கவில்லை. தாத்தா அந்தக் காசை டப்பாவில் போடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

2016 நவம்பரில் 500, 1000 செல்லாது என்றபோது நம் தெரு மளிகைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டே சாமான் கொடுத்தார் என்று சொன்னாய். வாஸ்தவம். நம்மைத் தெரியும், கொடுத்தார். கட்டட வேலைக்கு வந்திருந்த வடக்கத்திப் பையன்கள் அதே கடை வாசலில் 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்கள் பெயருக்கு நோட்டில் பக்கம் இல்லை.

அப்புறம், வாடகைக்கு எவ்வளவு குறைகிறது என்று கூச்சப்படாமல் எழுது. திங்கட்கிழமை பேங்குக்குப் போகிறேன்.

அப்பா