கன்று போட்ட மாட்டுக்கு வேண்டியது மண்டபத்துச் சோறு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மாட்டுத் தீவனம் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் பண்ணைக்காரர்களுக்கானது. கொடுங்கையூர், வியாசர்பாடி, மணலிப் பக்கம் தகரக் கொட்டகையில் இரண்டு மூன்று கறவைகளைக் கட்டிப் பிழைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு மேய்ச்சல் நிலம் கிடையாது. வைக்கோல், தவிடு, உளுந்துப் பொட்டு, அக்கம்பக்கத்து வீடுகளின் கழுநீர், இவைதான். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்து மிச்சச் சோறும் அண்டா அண்டாவாக வந்துவிடும். சோறு தின்றால் தெம்பு, பால் கூடும் என்று நம்பிக் கொட்டுகிறார்கள். மாட்டின் நான்கு வயிற்று அறைகளில் முதலாவதான பெருவயிற்றில் அது புளித்து அமிலமாகிறது. அசை நின்றுவிடும், வயிறு உப்பும், புளித்த வாடையோடு கழியும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் மாடே போய்விடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் இந்தத் தொல்லையை அதிகம் பார்க்கலாம்.

ஆனால் கூடுதல் எரிசக்தி தேவைப்படும் காலம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கன்று போட்ட ஆறு முதல் எட்டு வாரத்தில் கலப்பினப் பசுவின் பால் உச்சத்துக்குப் போகும். தீனி எடுக்கும் அளவு அந்த வேகத்துக்கு ஏறாது. பற்றாக்குறைக்கு மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும். இடுப்பெலும்பு துருத்தும், மறுபடி சினைப் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். சில மாடுகள் தவிடு, தானிய மாவு போன்ற அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கடிக்கும், மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வரும். அப்போது கடையில் சத்துப் பவுடரைத் தேடக் கூடாது, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இந்தப் பற்றாக்குறையைத் தடுக்கத்தான் பைபாஸ் கொழுப்பு. பாமாயில் கொழுப்பைச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்துச் செய்வது. பெருவயிற்று நுண்ணுயிர்களைக் கெடுக்காமல் கடந்து, அடுத்து வரும் அமில வயிற்றில்தான் பிரியும். சமையல் எண்ணெயை அப்படியே தீவனத்தில் ஊற்றினால் அந்த நுண்ணுயிர்கள் நொந்து வைக்கோல் செரிக்காது. தினமும் கறக்கும் ஒரு லிட்டர் பாலுக்கு 15 முதல் 20 கிராம், ஈனுவதற்குப் பத்து நாள் முன்பிருந்து ஈன்று 90 நாள் வரை போதும். சோப்பு வாடை அடிப்பதால் முதலில் மாடு முகம் திருப்பும். தவிட்டில் ஒரு பிடி பிசறிப் பழக்க வேண்டும். பால் வற்றிய மாட்டுக்கும் இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் இது வீண் செலவு. இறைச்சிக்காக எருமைக்கடா வளர்ப்பவர்களுக்கும் தேவையில்லை. மக்காச்சோளம், கம்பு மாவை இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வைக்கோலைக் குறைக்காமல் கொடுத்தாலே உடம்பு ஏறும்.

சரி, இதை யார் எங்களுக்குச் சொல்கிறார்கள்? கடையில் கேட்டால் 'எனர்ஜி பவுடர்' என்று வெறும் பாலிதீன் பையில் கட்டித் தருகிறார்கள். தயாரித்தவர் பெயர் இல்லை, கொழுப்பு எத்தனை சதவீதம் என்றும் இல்லை. எல்லா மாட்டுக்கும் தினமும் ஒரு கரண்டி போடுங்கள் என்பதுதான் அவர்கள் சொல்லும் அளவு. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பக்கத்தில் மாதவரம் பால்பண்ணையிலேயே இருந்தும் எங்கள் தெருக்களுக்கு இந்த நிலை.

லேபிள் இல்லாத தீவனப் பொருளைக் கடைகளில் விற்க விடக் கூடாது. எந்த மாட்டுக்கு, எத்தனை நாள், எவ்வளவு என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து கால்நடை மருந்தகங்களிலும் பால் சொசைட்டிகளிலும் ஒட்டச் சொல்லி அதிகாரிகளைக் கேளுங்கள். உங்கள் பத்திரிகையிலும் அதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் வெட்டி எடுத்துக் கொட்டகையில் மாட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் வாசகி,
கொடுங்கையூர், சென்னை