தட்டில் கீறிய எண்

பாளையங்கோட்டை
ஐப்பசி 12

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். இங்கே அடைமழை. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரே படிக்கிறாள். உன் பேரனுக்கு முதல் பல் முளைத்ததை அவளிடம் சொன்னேன். கீழ்ப் பல்லா மேல் பல்லா என்று கேட்டாள். அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

பதில் தாமதமானதற்கு ஒரு புத்தகமும் காரணம். சின்னவள் எம்.ஏ. இங்கிலீஷ் சேர்ந்திருக்கிறாள் அல்லவா? அவளுக்குப் பாடமாக வந்த 'ஃபிராங்கென்ஸ்டைன்' நாவல் மேஜையில் கிடந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாகப் படித்தேன். ஃபிராங்கென்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை, அதைச் செய்து உயிர் கொடுத்தவனின் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது. கடைசிப் பக்கம் வரை ஒருவரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

எழுதியவர் மேரி ஷெல்லி. தொடங்கும்போது அவருக்கு வயது 18. 1818-இல் புத்தகம் வந்தபோது 20. அதிலும் எழுதியவர் பெயர் போடாமல்தான் வந்தது. பிறந்து பதினோரு நாளில் தாயை இழந்தவர். மணமான ஒருவரோடு போய்விட்டார் என்று அப்பாவும் முகம் கொடுக்கவில்லை. 1815-இல் குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தை சில நாளிலேயே போய்விட்டது. குழந்தை சில்லிட்டுத்தான் கிடந்தது, நெருப்புப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வருஷம், ஜெனிவா ஏரிக்கரையில், இந்தக் கதையை ஆரம்பித்தார். இது தெரிந்த பிறகு முதல் அத்தியாயங்களைத் திரும்பப் படித்தேன். உயிர் வந்த அன்று இரவே அது தன்னைச் செய்தவன் படுத்திருக்கிற அறைக்குப் போய், திரையை விலக்கி, ஒரு கையை நீட்டுகிறது. அவன் எழுந்து ஓடிவிடுகிறான். பூதம் என்றால் கையை நீட்டிக்கொண்டு வரும் என்று படம் போடுகிறார்களே, அந்தக் கை முதலில் நீண்டது இதற்காகத்தான்.

புத்தகம் தொடங்குவதே கடிதத்தில்தான். வட துருவத்தைத் தேடிப் போகிற வால்டன் என்பவன் இங்கிலாந்தில் இருக்கும் அக்காவுக்கு எழுதுகிறான். எனக்கு ஒரு நண்பன் இல்லை, ஜெயித்தால் சேர்ந்து சந்தோஷப்பட ஆள் இல்லை, சோர்ந்து போனால் தாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை, காகிதத்தில் எழுதி என்ன ஆகப் போகிறது என்கிறான். கப்பலுக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதுதான் இதை எழுதுகிறான். அன்றைக்கு ராத்திரி உன்னை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது நடுவில் வரும் ஒரு பகுதி. காட்டோரம் ஒரு ஏழைக் குடும்பம். பார்வையில்லாத பெரியவர், மகன், மகள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அந்தப் பூதம் ஒளிந்துகொள்கிறது. பலகை இடுக்கு வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் ராத்திரியில் அவர்கள் சாப்பாட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சாப்பிடுகிறது. அவர்களுக்கே போதவில்லை என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு, காட்டில் கிடைக்கிற காயும் கிழங்கும் தின்கிறது. மகன் பகலெல்லாம் விறகுக்கு அலைகிறான் என்று பார்த்து, இரவில் அவனுடைய கருவிகளை எடுத்துப் போய் விறகு வெட்டிக்கொண்டு வந்து போடுகிறது. காலையில் கதவைத் திறக்கிற மகள், வாசலில் குவிந்து கிடக்கிற விறகைப் பார்த்துத் திகைத்து நிற்கிறாள். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. பனி பெய்தால் பாதையையும் ஒதுக்கி வைக்கிறது. அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பேசக் கற்றுக்கொள்கிறது.

மாதக்கணக்கில் காத்திருந்து, பெரியவர் தனியாக இருக்கும்போது ஒருநாள் உள்ளே போகிறது. வழிப்போக்கன், கொஞ்சநேரம் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்கிறது. உன் முகத்தை நான் அறிய முடியாது, ஆனால் உன் பேச்சில் உண்மை இருக்கிறது என்கிறார் அவர். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நண்பர்களாக இருந்ததைத் தமிழ் ஐயா நடத்தியபோது எனக்கு அது கதையாகத்தான் பட்டது. இந்தப் பெரியவரைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பேச்சு முடிவதற்குள் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். மகன் அதைக் கீழே தள்ளிக் கம்பால் அடிக்கிறான். அவனைக் கிழித்துப் போடும் பலம் அதற்கு இருக்கிறது. கையை ஓங்காமல் வெளியே போய்விடுகிறது.

அதற்கப்புறம் அது கொலைகள் செய்கிறது, ஒரு சின்னப் பையனைக்கூட. அதை நான் நியாயப்படுத்தவில்லை. இது விஞ்ஞானம் எல்லை மீறுகிற கதை என்கிறாள் சின்னவள். பரீட்சைக்கு அப்படி எழுதினால்தான் மார்க் வருமாம். எனக்கு அந்த விறகுக்கு மேல் மனசு போகவில்லை, செல்வம். ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

எட்டாம் வகுப்பில், ஹாஸ்டலில், ஒரே குழாய். விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் வரும், ஆறு மணிக்கு நின்றுவிடும். அறுபது பையன்கள். அந்த மார்கழியில் நம் இரண்டு பேர் வாளியும் தினமும் நிறைந்திருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வாட்ச்மேன் தாத்தா என்று நினைத்தோம். ஒருநாள் நீ ஒன்றுக்குப் போக எழுந்தவன் ஓடிவந்து என்னை எழுப்பினாய். அவன்தான். சின்ன வயதில் ஸ்டவ் வெடித்து ஒரு பக்க முகமும் கழுத்தும் வெந்துபோனவன். யாரும் பாய் விரிக்கவிடாமல் குளியலறை ஓரம் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வானே, அவன். இருட்டில் இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு, சிந்தாமல், ஓரமாக வந்தான்.

காலையில் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். எல்லாரும் பார்க்க வாளியைக் கவிழ்த்தேன். அவன் தொட்ட தண்ணீரில் குளித்தால் நமக்கும் அப்படி ஆகிவிடும் என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் தூண் ஓரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். தண்ணீர் அவன் கால் வரைக்கும் ஓடிவந்தது. நகர்ந்து நிற்கக்கூட இல்லை.

அரைப்பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவன் எங்கே என்று நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாம் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். அவனுடைய சொந்தப் பெயரை ஒரு வாரமாக யோசிக்கிறேன், வரவில்லை. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் ஆணியால் 47 என்று கீறியிருந்தது ஞாபகம் இருக்கிறது. வருகைப் பதிவுக்கும் நம்பர்தான் கூப்பிடுவார்கள். குரூப் போட்டோவிலும் இருக்க மாட்டான், அது வருஷக் கடைசியில் எடுத்தது. ஊர் மட்டும் நாங்குநேரிப் பக்கம் என்று தோன்றுகிறது. இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். பெயர் தெரிந்தால் போய் விசாரிக்கலாம்.

உனக்கு என்னைவிட நினைவு அதிகம். கொஞ்சம் யோசித்துப் பார். வந்துவிட்டால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, எந்த நேரமானாலும் போன் செய்.

அன்புடன்,
சங்கரன்