குனியப் பயப்படும் மகளுக்கு

வட்டக்கச்சி,
கார்த்திகை மாதம்.

அன்பு மகள்,

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது குட்டி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நீ தூக்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டு, "நீங்கள் தூக்குங்கோ" என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "நாரி தாங்காது அப்பா, ஸ்கேனில் கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்காம்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாய். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. உன் முகத்தில் நான் கண்டது நோ மட்டுமில்லை, பயமும்தான். அதே பயத்தோடு நான் ஆறு வருசம் சீவித்திருக்கிறேன். போனில் சொன்னால் "சரியப்பா, சரியப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். சலம், மலம் போவதில் ஏதும் மாற்றம் இருக்கிறதா? இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போகிறதா? கால் பலம் குறைந்து இழுபடுகிறதா? காய்ச்சலோ, காரணமில்லாத மெலிவோ உண்டா? இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. அப்படி ஒன்றும் இல்லை, வைத்தியரும் பார்த்துவிட்டார் என்றால் மிச்சத்தை வாசி.

என் நாரி நோ உனக்குத் தெரியும். ஆனால் நீ வெளிநாடு போன பிறகு அது எப்படி வளர்ந்தது என்று தெரியாது. ஒரு முறை வரம்பு கட்டும்போது பிடித்துக்கொண்டது. ஒருவரிடம் போனேன். எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்பு தேஞ்சு போச்சு, இனிமேல் குனியிற வேலை வேண்டாம்" என்றார். ஒரே ஒரு வசனம். அதற்குப் பிறகு நான் மண்வெட்டியைத் தொடவில்லை. வயலைக் குத்தகைக்குக் கொடுத்தேன். நாரிக்குப் பட்டி கட்டினேன். கோயில் வீதியில் கும்பிட்டு விழுவதைக்கூட விட்டேன். ஆறு வருசத்தில் நோ குறையவில்லை. கூடத்தான் செய்தது.

இடையில் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. பயிற்சி சொல்லித்தந்தார்கள், இரண்டு கிழமை செய்தேன். நொந்தவுடன் உள்ளே ஏதோ கிழிகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். "யோசியாதேங்கோ, மனதை விடுங்கோ" என்றும் பலர் சொன்னார்கள். மனதை எப்படி விடுவது? இரண்டும் தனித்தனியே என்னிடம் தோற்றுப்போயின.

பிறகுதான் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சியால் சிகிச்சை செய்கிற பிசியோ பகுதிக்குப் புதிதாக வந்த பிள்ளை ஒன்றிடம் போனேன். கட்டிலில் ஏறச் சொல்லுவா என்று நினைத்தேன். மூலையில் இருந்த வாளியைக் காட்டி, "ஐயா, அதை எடுத்து இங்கால வையுங்கோ" என்றா. ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முதுகை மண்வெட்டிப் பிடி மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினேன். எடுத்து வைத்ததும் அந்தப் பிள்ளை கேட்டா: "வெறும் வாளி ஐயா. ஏன் மூச்சைப் பிடிக்கிறியள்?"

மகள், நான் மூச்சைப் பிடித்தது எனக்கே தெரியாது. கதிரையில் இருந்து எழும்பும்போதும், செருப்புப் போடும்போதும், பஸ்ஸில் ஏறும்போதும் அப்படித்தான் பிடித்திருக்கிறேன். கையைப் பொத்திப் பிடித்தபடி பத்து நிமிசம் இருக்கச் சொன்னா. விரல் உளைந்தது. "ஒரு காயமும் இல்லை, ஆனால் நோகுது, என்ன? உங்கட நாரி ஆறு வருசமாகப் பொத்தின கை மாதிரி இருக்குது" என்றா. பிறகு வாளியைத் திரும்ப எடுக்க வைத்தா. இந்த முறை மூச்சை விட்டுக்கொண்டே, முதுகைத் தளர்த்தி, முழங்காலை மடித்துக் குனிந்தேன். நொந்தது. ஆனால் முதலில் நொந்த அளவுக்கு இல்லை.

அதே கட்டடத்தில் அடுத்த அறையில் உளவளத்துணையாளர் இருந்தார். அவரிடமும் போகவேண்டும் என்றபோது எனக்குக் கோபம் வந்தது. என் நோவைப் பொய் என்கிறார்களோ என்று நினைத்தேன். உனக்கும் யாராவது இப்படிச் சொன்னால் அதே கோபம் வரும் என்று தெரியும். பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. நோ உண்மை. நெடுங்காலம் நொந்தால், நோவை அறிவிக்கிற நரம்பும் மூளையும் கூர்மையாகிவிடுகின்றன. சின்ன அசைவுக்கும் பெரிய சத்தம் போடுகின்றன. எனக்கு உடனே எங்கள் காவல் கொட்டில்தான் ஞாபகம் வந்தது. பன்றி வந்து வயலைக் கிண்டிவிட்டுப் போன அடுத்த கிழமை, காற்றில் ஓலை அசைந்தாலும் எழும்பித் தகரம் தட்டுவோமே, அதுதான். காவல்காரன் பொய் சொல்லவில்லை. அவன் பயந்திருக்கிறான். அவனுக்குப் பன்றி இல்லை என்று வாயால் சொல்லி விளங்காது. இரவிரவாக வரம்பில் நடத்திக் காட்டவேண்டும்.

இதற்காகத்தான் இரண்டு வைத்தியமும் சேரவேண்டும் என்கிறேன். உடம்பு அசையாமல் பயம் போகாது. பயத்தோடு கதைக்காமல் உடம்பை அசைத்தால் அது இன்னும் இறுகும். இருவரும் எனக்கு ஒரே கொப்பியில்தான் எழுதினார்கள். இடப்பக்கத்தில் பயிற்சி. வலப்பக்கத்தில், குனிய முன்னம் மனதில் என்ன ஓடியது, குனிந்த பிறகு என்ன நடந்தது என்று நான் எழுதவேண்டும். முதல் நாள் எழுதியதை இப்போதும் வைத்திருக்கிறேன். "உடைஞ்சிடும்" என்று ஒரு சொல். எதிரே, "உடையவில்லை."

அப்புறம் நடை. வாய்க்கால் மதகு வரைக்கும் போய்வர ஐந்து நிமிசம். இரண்டு நாளைக்கு ஒரு நிமிசம் கூட்டவேண்டும். நல்ல நாளில் கணக்குக்கு மேலே நடக்கக்கூடாது, கெட்ட நாளில் குறைக்கக்கூடாது. நோவைக் கேட்டு நடக்காமல் கணக்கைக் கேட்டு நட என்பதுதான் அதன் சாரம். இதை நான் ஒரு தரம் மீறினேன். உடம்பு சுகமாக இருந்த ஒரு காலையில் வாழைக்கு நாலு கிடங்கு வெட்டினேன். நாலு நாள் பாயில் கிடந்தேன். நீயும் அப்படித்தான் செய்கிறாய் என்று அம்மா சொன்னா. சனிக்கிழமை வீடு முழுக்கத் துடைத்துவிட்டுத் திங்கட்கிழமை வரைக்கும் படுக்கை. அதை விடு பிள்ளை. இரண்டும் கூடாது.

அம்மாவையும் ஒரு நாள் கூப்பிட்டார்கள். நான் முனகினால் அம்மா குசினியில் இருந்து ஓடி வருவா. "குனியாதேங்கோ" என்று கத்துவா. அன்பில்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் என் நாரிக்கு "ஆபத்து" என்று சொல்லியிருக்கிறது. நொந்தால் ஓடி வருவதை விட்டு, நடக்கும்போது கூட வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு அது பெரிய கஷ்டம். இருந்தும் வந்தா. மதகில் இருந்து இரண்டு பேரும் கதைத்துவிட்டு வருவோம். மருமகனிடமும் இதைச் சொல். உனக்காக எல்லாவற்றையும் தூக்குவது உதவிதான். உன்னோடு சேர்ந்து நடப்பது அதைவிடப் பெரிய உதவி.

இன்னொன்றும் இருக்கிறது. 2009 தொடக்கத்தில் அப்பாச்சியை விசுவமடுவில் இருந்து முதுகில் சுமந்துகொண்டு வந்தது நீயும் கண்டது. பிறகு மெனிக்பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் தறப்பாளில் படுத்தோம். அப்போது தொடங்கிய இறுக்கம் என் உடம்பை விட்டுப் போகவில்லை. அதை முழுதாக நான் முதன்முதல் சொன்னது அந்த உளவளத்துணையாளரின் அறையில்தான். சொல்லி முடிக்க மூன்று தவணை எடுத்தது. உன் நோவுக்கும் அதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. சொல்ல ஏதும் இருந்தால் சொல்லக்கூடிய இடத்தில் சொல்.

இப்போது உன் ஸ்கேன். பிசியோப் பிள்ளை எனக்குக் காட்டிய கணக்கை உனக்கு எழுதுகிறேன். 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். முதுகில் ஒரு நோவும் இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்தால், 30 வயதில் 100 பேரில் 40 பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது. 50 வயதில் 60 பேருக்கு. தலை நரைப்பது மாதிரித்தான். உன் நோவை இது பொய்யாக்காது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துக் குட்டியைத் தூக்காமல் விடுவதற்கு அது போதுமான காரணம் இல்லை.

உனக்கு நோ தொடங்கி ஏழு மாதம். மூன்று மாதம் தாண்டினாலே நாட்பட்ட நோ என்று கணக்கு. 2020இல் உலகத்தில் 61 கோடி 90 இலட்சம் பேருக்கு நாரி நோ இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோவைப் பற்றி விளங்கப்படுத்துவது, பயிற்சி, சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றுகிற உளச் சிகிச்சை, இவற்றை ஆளுக்கு ஏற்றபடி சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. பட்டி வேண்டாம், இழுவைச் சிகிச்சை வேண்டாம், அபின் வகைக் குளிசை வேண்டாம் என்கிறது. நீ வாங்கிய பட்டியைக் கழற்றுவது பற்றி உன் பிசியோவோடு கதை. ஆனால் அம்மாவின் நல்லெண்ணெய் உருவலும் நொச்சி ஒத்தடமும் சுகம் தரும், அதை யாரும் தடுக்கவில்லை. அது மட்டும் போதும் என்று இருக்கக்கூடாது.

என் மகள் நோர்வேயில் என்றதும் அந்தப் பிள்ளை சிரித்துவிட்டா. நான் செய்த மாதிரியான சிகிச்சையை முதலில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று உங்கள் பேர்கன் நகரமாம். 121 பேர், 2013இல் வந்த ஆய்வு. ஒரு பகுதியாருக்குக் கைச்சிகிச்சையும் வழக்கமான பயிற்சியும். மற்றவர்களுக்கு, பயத்தையும் நினைப்பையும் அசைவையும் ஒரே பிசியோ சேர்த்துக் கையாளுகிற முறை. ஒரு வருசம் கழித்தும் இரண்டாவது பகுதியினர்தான் மேலாக இருந்திருக்கிறார்கள். பிறகு அவுஸ்திரேலியாவில் 492 பேரை வைத்துப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். 12 கிழமைக்குள் ஏழு தவணை வரைக்கும், பிறகு ஒரு தரம் நினைவூட்டல். அவ்வளவுதான். அதன் பலனும் ஒரு வருசம் நின்றிருக்கிறது. உன் குடும்ப வைத்தியரிடம் இதைத்தான் கேள். வெறும் பயிற்சித் தாள் தந்தால் வாங்கிக்கொண்டு வராதே. நோவின் பயத்தோடும் வேலை செய்யத் தெரிந்த பிசியோ யார் என்று கேள்.

என் நோ முழுதாகப் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். மழைக்காலத்தில் காலையில் எழும்ப உளைகிறது. ஆனால் வயலைத் திருப்பி எடுத்துவிட்டேன். இந்தக் காலபோகத்துக்கு நானே வரம்பு செதுக்கினேன், அரை மணிக்கு ஒருக்கால் இருந்து எழும்பி. வைகாசியில் பஸ்ஸில் போய் வற்றாப்பளை அம்மன் பொங்கலையும் பார்த்துவிட்டு வந்தோம்.

உனக்கு இப்போது ஒரு வேலை தருகிறேன். உன் பிசியோவிடமும் காட்டிவிட்டுச் செய். இரண்டு கிலோ அரிசிப் பையை நாற்காலியில் வை. மூச்சை விட்டுக்கொண்டே எடு, நெஞ்சோடு அணை, திரும்ப வை. ஐந்து தரம். முதல் எடுக்க முன்னம் மனதில் வந்த சொல்லை ஒரு தாளில் எழுது. அடுத்த கிழமை பை நிலத்தில். அதற்கு அடுத்த கிழமை இன்னும் ஒரு கிலோ. அவசரமில்லை.

குட்டி இப்போது எத்தனை கிலோ? நிறுத்துப் பார்த்து எழுது. எத்தனை கிழமை எடுக்கும் என்று நான் இங்கே கொப்பியில் கணக்குப் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா